எல்லாம் சென்சார்தான்

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அவருக்கு அது சென்சார். சிவப்பு விளக்கு எரிந்தால் அதுவும் சென்சார், கொஞ்சம் பெரிய சென்சார். சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறினால் சென்சார். பின்னால் வரும் ஆட்டோக்காரர் கரும்புகையில் கண்ணைக் கசக்கினால், காற்றை அளக்கும் சென்சார். கூலன்ட் குறைவு என்று திரையில் எழுத்து வந்தால் "அந்த லெவல் சென்சார் சும்மா சொல்லும் சார், கண்டுக்காதீங்க." பதினைந்து வயதான பி.எம்.டபிள்யூ 320டி ஒன்றின் மூன்றாவது உரிமையாளரான இந்த மனிதர், பானட்டுக்குள் இன்ஜின் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. அவரைக் கேட்டால் அங்கே இருப்பவை சில சென்சார்களும், அவற்றின் மேல் போர்த்திய கறுப்பு பிளாஸ்டிக் மூடியும்தான். நெஞ்சு வலித்தால் "கேஸ்" என்று சொல்லி சோடா வாங்கிவரச் சொல்லும் குடும்பத் தலைவருக்கு இவர் நேர் வாரிசு. இரண்டு பேருமே விஷயம் தெரியாமல் அப்படிச் சொல்வதில்லை என்பது என் கட்சி.

தெரியாது என்று இவரைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. இ90 என்ற உள்பெயர், என்47 என்ற இன்ஜின் குறி, 1,995 சிசி, ஆரம்பத்தில் 177 குதிரைசக்தி, பிறகு 184 என்று கேட்காமலே ஒப்பிப்பார். அத்தனையும் தெரிந்தவர் சென்சாரைக் கைகாட்டுவது கணக்குப் பார்த்துத்தான். புதிதில் 30 லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி, இன்று ஒரு சின்னக் காரின் விலைக்கு வந்துவிட்டது. ஆனால் விலை இறங்கிய செய்தி டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் எட்டவில்லை. அவை இன்னும் 30 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களாகவே விலை சொல்கின்றன. ஆகவே மெக்கானிக் வாயிலிருந்து வரக்கூடிய வியாதிகளில் இவருக்குக் கட்டுப்படியாவது ஒன்றே ஒன்று. மெக்கானிக்கும் பிழைக்கத் தெரிந்தவர். "இன்ஜின் இறக்கணும்" என்று சொன்னால் வண்டி வேறு ஷெட்டுக்குப் போய்விடும். "சென்சார் பார்க்கலாம்" என்றால் ஒரு வேலையாவது நடக்கும். பானட்டைத் திறப்பதற்கு முன்பே இருவரும் பேசாமல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

சென்சார் நிஜமாகவே கெட்டுப்போவதில்லையா என்று கேட்கலாம். நன்றாகக் கெட்டுப்போகும், இத்தனை வருட இன்ஜின் சூட்டில் வெந்த ஒயரும் பிளாஸ்டிக்கும் விரிசல் விடாமல் என்ன செய்யும்? ஆனால் செத்துப்போன சென்சாருக்கும் கெட்ட செய்தி சொல்லும் சென்சாருக்கும் வித்தியாசம் உண்டு. செத்தது பெரும்பாலும் தன்னுடைய மின்சுற்றில் கோளாறு என்றே ஸ்கேனரில் எழுதும். காற்று போதவில்லை, அழுத்தம் ஏறவில்லை என்று எழுதினால், அது உயிரோடு உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கிறது என்று அர்த்தம். இவர் அதைத்தான் கழற்றி எறிகிறார். புதிதை மாட்டும்போது மெக்கானிக் பழைய பிழைக் குறியீடுகளையும் அழித்துவிடுவதால் விளக்கு அணைந்துவிடுகிறது. "பார்த்தீங்களா, சென்சார்தான்!" என்று ஊரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அதே விளக்கு மறுபடி எரிகிறது. அதற்கும் பதில் தயார்: "டூப்ளிகேட் சென்சார் போட்டு ஏமாத்திட்டான் சார்." இந்தச் சித்தாந்தத்தை எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாது.

கூலன்ட் எச்சரிக்கையை மட்டுமாவது அவர் மதித்திருக்கலாம். 2018-ல் தென்கொரியாவில் இதே நிறுவனத்தின் டீசல் கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தபோது, கைகாட்டப்பட்டது புகையைக் குளிரவைக்கும் இ.ஜி.ஆர் கூலர். அதிலிருந்து கசிந்த கூலன்ட் புகைக்கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டே உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் டீசல் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கூலன்ட் காரணமில்லாமல் குறைவது அதன் முன்னறிகுறி. நம்மவர் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு சென்சாரைத் திட்டுகிறார்.

இதைவிட வேடிக்கை டைமிங் செயின். பல இன்ஜின்களில் முன்பக்கம் இருக்கும் இந்தச் சங்கிலியை என்47-ல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். 2007 முதல் 2011 வரை தயாரானவற்றில் இது தேய்ந்து தளர்வதும், சில சமயம் அறுவதும் உலகறிந்த குறை. மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு அந்த இன்ஜின் எடைக்குத்தான் போகும். இந்தத் தேய்மானத்தை அளக்கத் தனியாக ஒரு சென்சாரும் கிடையாது. எந்த வியாதி வண்டியைக் கொல்லுமோ அதற்குத்தான் விளக்கு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கமிருந்து வரும் கரகர சத்தம் ஒன்றே அடையாளம். அந்தச் சத்தம் வரும்போது இவர் இளையராஜாவின் வால்யூமைக் கூட்டுகிறார்.

இவருடைய வக்கீல்களும் சும்மா இருக்கமாட்டார்கள். ஜெர்மனியில் இதே கார் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறதே என்பார்கள். ஓடுகிறது, நெடுஞ்சாலையில், சூடேறிய எண்ணெயோடு, இரண்டு ஆண்டுக்கொரு முறை கட்டாயச் சோதனையில் தேறி ஓடுகிறது. சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் ஊர்ந்து கரி சேர்க்கும் வண்டிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. செங்கல்பட்டு பக்கத்திலேயே, மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் திறந்த ஆலையில் பூட்டிய வண்டிதானே என்பது அடுத்த வாதம். பூட்டியது இங்கே, சரி. இன்ஜின் பிறந்தது ஆஸ்திரியாவின் ஸ்டெயரில். உதிரிபாகத்தின் விலை அந்தப் பிறப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று கம்பெனியே சொன்னது என்பது மூன்றாவது. அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் முழுக்க என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டி திரும்புகிற அழகுக்கு இன்றைய டச்ஸ்கிரீன் எஸ்.யு.வி.க்கள் பக்கத்தில் நிற்க முடியாது. பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்த எடை, ரோட்டின் சேதியைக் கைக்குக் கொண்டுவரும் ஸ்டீயரிங். நடுத்தர வர்க்கத்து மனிதர் ஒருவர் இதையெல்லாம் ஆசைப்பட்டது குற்றமா? ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தானே கழுவி, கையால் துடைத்து, இரண்டடி பின்வாங்கி நின்று பார்க்கும்போது அந்த முகத்தில் தெரிவது பெருமை மட்டும் இல்லை, பயமும்தான். சென்சார் என்று அவர் சொல்வதில் பாதி வேண்டுதல்.

அவர் அதை வைத்துக்கொண்டு சாகட்டும் என்றால் எனக்கும் புகார் கிடையாது. அவர் விற்கிறார். அங்கேதான் சிரிப்பு நின்றுபோகிறது. பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக்கூடாது என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கித் தெற்கே வந்த வண்டிகளில் ஒன்றாகவே இது இருக்கலாம். இவரிடம் அது "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்ற பெயரில் வந்தது. அதே பெயரில் போகிறது. மீட்டரில் கிலோமீட்டர் குறைந்திருக்கும், ஆனால் இந்த வண்டிகள் ஓடிய தூரத்தைச் சாவி உட்பட வேறு இடங்களிலும் எழுதிவைக்கின்றன என்பதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை. விற்கிற அன்று காலை ஒரு மலிவான ஸ்கேனரால் பிழைக் குறியீடுகளை அழித்தால் போதும், டேஷ்போர்டு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். "ஒரே ஒரு சென்சார் மாத்தணும், அவ்வளவுதான்" என்று நேர்மையாளர் போலச் சொல்லி பத்தாயிரம் குறைப்பார். வாங்குகிறவர் பெரும்பாலும் முதல் கார் வாங்கும் இளைஞர், பர்சனல் லோன் போட்டவர். இது ஏமாற்று. வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

அந்த இளைஞர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சங்கிலியின் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகக் கேட்கும் என்பதால், விடிகாலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போய் முதலில் பானட்டின் மேல் கையை வைத்துப் பார்க்கலாம். சொல்லிவிட்டுப் போனால் அது எப்படியும் சுடும். ஏன் சுடுகிறது என்று கேட்டால், "அவ்வளவு தூரத்துலேருந்து வரீங்க, உள்ளே குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு ஏசி போட்டு வெச்சேன் தம்பி" என்பார்.