தவளைக்கு வீடு பார்ப்பவர்

செல்லத் தவளைக்குக் கண்ணாடித் தொட்டி அமைப்பவர் சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று வட்டாரங்களிலும் காணப்படுகிறார். அடுக்ககத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது மாடியில், பெற்றோருடனும் ஒரு பாட்டியுடனும் வசிப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கணினி வேலை, அதில் பாதி வீட்டிலிருந்தே. மற்ற பிராணிப் பிரியர்களிடமிருந்து இவரைப் பிரித்தறிய ஓர் அடையாளம் போதும்: இவரிடம் தவளை இருக்காது.

தவளை வரப்போகிறது. அதற்குள் தொட்டி தயாராக வேண்டும், அவ்வளவுதான்.

வரப்போவது அநேகமாக ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. உள்ளங்கை நிறையும் உடம்பு, கண்ணுக்கு மேல் ஒரு மடிப்பு, கல்யாணச் சாப்பாடு முடித்துத் தூணில் சாய்ந்த மாமாவின் களை. 1788-இல் சிட்னி போய்ச் சேர்ந்த முதல் குடியேற்றக் கப்பல்களின் மருத்துவர் ஜான் வைட், 1790-இல் வெளியிட்ட நூலில் இதை விவரித்தார். சாராயத்தில் ஊறி நீலம் பாய்ந்த உடலைப் பார்த்துப் பெயர் வைத்ததால், பச்சைத் தவளையின் அறிவியல் பெயரில் நீலம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் தொட்டிக்காரர் இதைத் தவறாமல் சொல்வார். சொந்த ஊரில் அது கழிப்பறைக் கோப்பையிலும் தபால் பெட்டியிலும் குடியிருப்பதற்கே பேர்போனது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

சட்டம் அவருக்கு அத்துப்படி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, உயிரின வணிகத்துக்கான அனைத்துலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். நச்சு அம்புத் தவளைகள் அந்தப் பட்டியலில் உண்டு, பச்சை மரத்தவளை இல்லை. ஆனாலும் அதற்கென ஒரு கோப்பு திறந்து, உறையில் பெயர் எழுதி வைத்திருப்பார். உள்ளே காகிதம் எதுவும் இராது.

தொட்டியைப் பொறுத்தவரை, மரத்தவளைக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். 45 செ.மீ. நீளம், அதே அகலம், 60 செ.மீ. உயரம் என்பது பழகிய கணக்கு. வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒரு தொட்டி இருக்கும். வாஸ்து மீன் என்று பிளவர்ஹார்ன் வாங்கிய காலத்தது. அதையே நிமிர்த்தி வைத்தால் என்ன என்று அப்பா கேட்பார். சரியான யோசனை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்பா சொன்னதாலேயே அது எடுபடுவதில்லை. அலங்கார மீனுக்குப் பேர்போன கொளத்தூருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்து, கடைசியில் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டுவார். மேலே கம்பிவலை மூடி. தவளை கண்ணாடியில் ஏறும் என்பதால் தாழ்ப்பாளும் உண்டு.

அடியில் பரப்புவது தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் இந்தச் சரக்கை, கப்பலேறும் வகையில் செங்கல் மாதிரி அழுத்தி, வெளிநாட்டுத் தவளைப் படம் ஒட்டிய உறையில் வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. அதன்மேல் மணிபிளாண்ட், பாசி, கொட்டாங்குச்சியில் ஒரு குகை. கொட்டாங்குச்சி மட்டும் வீட்டுச் சமையலறையிலிருந்து வரும்.

தண்ணீரில்தான் அவர் ஆழம் தெரியும். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். ஆகவே குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆகாது; வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு போதாது. லாரித் தண்ணீரின் பூர்வீகம் தெரியாது. ஆகமொத்தம் கூடத்தில் எப்போதும் மூன்று வாளிகள் நாள், நேரம் எழுதிய சீட்டுடன் நிற்கும். 2019 கோடையில் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அம்மா, அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பார்.

அடுத்தது தட்பவெப்பம். அவர் நம்பும் வழிகாட்டிகளெல்லாம் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. பகலில் 24 முதல் 29 டிகிரி வேண்டும், அதற்கு வெப்ப விளக்கு வாங்குங்கள் என்கின்றன. விளக்கு மே மாதம் வந்துசேரும். 2003 மே மாதத்தில் 45 டிகிரி கண்ட ஊர் இது. விளக்கைப் போட்டதும் தொட்டி கொதிக்கும். அதைத் தணிக்க ஏசி. ஏசி போட்டால் காற்று வறளும். வறட்சிக்குப் புகைபோல நீராவி விடும் கருவி. அதனால் கண்ணாடியில் முத்துமுத்தாக நீர் கோத்துக்கொள்ள, அதைப் போக்க ஒரு குட்டி மின்விசிறி. ஈரப்பதமானி தொட்டிக்குள் 60 காட்டும் நாளில் வீட்டில் இனிப்பு. அதே கருவியைப் பால்கனியில் வைத்தால் காலை வேளையில் சும்மாவே 75-ஐத் தாண்டும். மின்கட்டணம் வந்த அன்று அப்பா தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். உள்ளே பார்க்க எதுவும் இல்லை.

உணவு உயிருடன் இருக்க வேண்டும். முட்டைகூட வாசற்படி தாண்டாத வீட்டில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால், டப்பாவில் சிள்வண்டு வளரும். அதன்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிக் கொடுப்பது முறை. தின்ன ஆள் இல்லாததால் வண்டுகள் பெருகி, ராத்திரி கச்சேரி நடத்தும்.

"ஏண்டா, பல்லிக்கெல்லாம் யாருடா சுண்ணாம்புப் பொடி போடறா?" என்பார் பாட்டி. "நம்ம பாத்ரூம்லயே ஒண்ணு ஒக்காந்துண்டிருக்கே, அதைப் பாத்துண்டிருந்தா ஆகாதா?"

"அது லோக்கல், பாட்டி."

பாட்டி சொல்வது சாதாரண மரத்தவளையை. 1830-இல் அறிவியல் பெயர் பெற்றது, பழுப்பு நிறம், விரல் நுனியில் வட்டவட்டமாக ஒட்டுத் தகடு. வெயில் காலத்தில் ஈரம் தேடி வீட்டுக்குள் வந்து, பகலெல்லாம் பிளஷ் தொட்டிக்குப் பின்னால் கால்களை மடக்கிக்கொண்டு கிடக்கும். ராத்திரி விளக்கடியில் பூச்சி பிடிக்கும். மழை வந்ததும் வெளியே போய், பின்னங்கால்களால் அடித்து நுரைக்கூடு கட்டித் தண்ணீருக்கு மேலே முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கீழே சொட்டும். வாடகை, விளக்கு, விசிறி எதுவும் கேட்டதில்லை.

செடி வேர்பிடிக்கவும் மண்ணில் நுண்பூச்சிகள் நிலைக்கவும் தொட்டியை நாலு வாரம் காலியாக விட வேண்டும் என்பது விதி. இந்த நாலு வாரம் பொதுவாக நவராத்திரி வரை நீளும். கொலுவில் பூங்கா வைக்க இடம் தேடும் அம்மாவின் கண்ணில் பச்சைப்பசேலென்ற தொட்டி பட்டுவிடும். ஒன்பது நாளும் அது கொலுப்படிக்குக் கீழே காடாக இருக்கும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய மண் யானை, இரண்டு ஆடு, கொட்டாங்குச்சிக் குகையில் ஒரு முனிவர். சுண்டலுக்கு வந்த மாமிகள் அதைத்தான் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

கொலு முடிந்து முனிவரை எடுத்தவர்கள் தாழ்ப்பாள் போட மறப்பதும் உண்டு. ஐப்பசி மழையில் மின்சாரம் போன ராத்திரிக்கு மறுநாள் காலை, குகைக்குள் பாத்ரூம் தவளை உட்கார்ந்திருக்கும்.

தொட்டிக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு அதைப் பதமாக எடுத்து மாடித் தோட்டத்தில் விடுவார். தவளையின் தோலைத் தாக்கி உலகெங்கும் பல இனங்களை அழித்த பூஞ்சை ஒன்று உண்டு. வெளித்தவளை தொட்ட இடத்தை அப்படியே விடக்கூடாது. நார்த்தூளைக் கொட்டி, கண்ணாடியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, காயவைத்து, புதுச் செங்கல் ஒன்று ஆர்டர் செய்வார். செடி வேர்பிடிக்க இன்னும் நாலு வாரம்.