நுழைவு முத்திரைக்கு முன்

அமெரிக்காவில் குடியேறும் தம்பதியின் கதை என்கிறார்கள். ஆனால் ‘லா யெகாடா’ என்ற ஸ்பானிஷ் படத்தில் அவர்கள் விமான நிலையத்தையே தாண்டவில்லையே! இதில் வெளிநாட்டு வாழ்க்கை எங்கே இருக்கிறது?

விமான நிலைய வாசலுக்கு வெளியேதான் அது தொடங்கும் என்று யார் சொன்னது? வெனிசுவேலாவில் பிறந்த அலெஹாந்த்ரோ ரோஹாஸ், ஹுவான் செபாஸ்தியான் வாஸ்கெஸ் இருவரும் 2022-இல் இயக்கிய இப்படத்தில், ஆண்டுக்கு 55,000 பேர் வரை குலுக்கல் முறையில் குடியேற்ற உரிமை பெற்றுவந்த ‘பன்முகத்தன்மை விசா’ எலெனாவுக்குக் கிடைக்க, அவரும் வெனிசுவேலாக்காரரான துணைவர் தியேகோவும் பார்சலோனாவிலிருந்து நியூயார்க் பக்கம் வந்திறங்கியதும், ஐயத்துக்குரிய பயணிகளைத் தனி அறையில் வைத்துத் துருவும் ‘இரண்டாம் கட்ட விசாரணை’க்கு அனுப்பப்படுகிறார்கள். நடனக் கலைஞர் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, அந்த அறையிலேயே ஆடிக்காட்டுமாறு எலெனாவிடம் அதிகாரி கேட்கும் இடம், அடியோ அதட்டலோ இல்லாமலே ஒரு மனிதரின் தன்மதிப்பைப் பறிக்க முடியும் என்பதைக் காட்டுவதால், படத்தின் மிகக் கொடிய காட்சியாகிறது.

தியேகோவுக்கு முன்பே வேறொரு பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்த செய்தியை எலெனா அதிகாரியின் வாயால் கேட்கும்போது, நாட்டுக்குள் நுழையும் தகுதியைச் சோதிக்கத் தொடங்கிய விசாரணை, அந்த இருவரும் ஒருவர் வாழ்வில் ஒருவர் நுழைந்ததன் காரணத்தையே சோதிக்கத் தொடங்கிவிடுகிறது.