நூறு ராபிகளும் ஒரு ரிமோட்டும்

"பத்து நாள் ஜெருசலேம் போய்ப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னதும், எங்கள் ஜெப ஆலயக் கமிட்டித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்துச் செலவுக் கணக்கு வரும்.

"படித்து முடித்துவிட்டீர்கள் என்று நினைத்துத்தானே உங்களை வேலைக்கு எடுத்தோம்?"

நியாயமான கேள்விதான். என் வீட்டுக்கு வரும் பிளம்பர் 'குழாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறேன், டிக்கெட் போடுங்கள்' என்றால் நானும் கண்ணாடியைத் துடைப்பேன். ஆனால் நான் ராபி, அதாவது யூத மதகுரு. எங்கள் தொழில் வேறு. எங்கள் சட்ட விவாத நூலான தல்மூதின் பகுதிகள் அநேகமாக எல்லாமே இரண்டாம் தாளில்தான் தொடங்கும். ஒன்று என்று எண் போட்ட தாளே கிடையாது. முகப்பை ஒன்றாம் தாளாகக் கணக்கில் வைத்துவிட்டார்கள் என்பது அச்சுக்கூடத்துக் காரணம். எவ்வளவு படித்தவனும் முதல் தாளைக்கூடப் படித்திருக்க மாட்டான் என்பது குருமார்கள் சொல்லும் காரணம். இந்த இரண்டாவது காரணத்தைத் தலைவரிடம் எடுத்துவிட்டேன்.

"அப்படியானால் போயும் என்ன பயன்?" என்றார்.

இருந்தாலும் அனுப்பிவைத்தார். நான் ஊரில் இல்லாத பத்து நாளும் பிரசங்கம் இருக்காது என்று யாரோ கமிட்டியில் எடுத்துச் சொன்னதாகக் கேள்வி.

அமெரிக்க ராபிகள் ஜூலையில் இப்படிக் கிளம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் புத்தாண்டும் பாவநிவாரண நாளும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். ஆண்டு முழுக்கக் காலியாகக் கிடக்கும் பெஞ்சுகள் அன்றைக்கு நிரம்பி வழியும். மடக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். அத்தனை பேரும் அடுத்த ஆண்டுவரை தாங்குகிற மாதிரி ஒரு பேச்சை என்னிடம் எதிர்பார்ப்பார்கள். ஜூலையில் அந்தப் பேச்சு கைவசம் இருக்காது. வயிற்றில் புளியைக் கரைப்பது மட்டும் இருக்கும்.

ஜெருசலேம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலை ஊர். ஜூலைப் பகலில் வெள்ளைக்கல் சுவரெல்லாம் அடுப்புபோலக் காயும். சூரியன் இறங்கியதும் எங்கிருந்தோ ஒரு காற்று வந்து தோளில் சால்வையைத் தேட வைக்கும். வகுப்புகளை எல்லாம் பகலில்தான் வைத்திருந்தார்கள்.

முதல் நாள் அரங்கத்தில் நூறு ராபிகள் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் வாராவாரம் எழுந்து நின்று, யாரும் குறுக்கே பேசாமல் இருபது நிமிடம் பேசிப் பழகியவர். கேட்டுப் பழகியவர் ஒருவர்கூட இல்லை. பேராசிரியர் பேசி முடித்து, "கேள்விகள் உண்டா?" என்றார். அந்த மனிதருக்கு அனுபவம் போதாது. முதல் ஆள் எழுந்து, "இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்தார். சின்னக் கருத்துக்கு மூன்று உட்பிரிவுகள், நடுவில் ஒரு கதை, கதையில் அவருடைய பாட்டி. பதினோராவது நிமிடத்தில் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனைக்கும் நான் கோபப்பட முடியாது. அடுத்துக் கை தூக்கியிருந்தவன் நான்தான்.

அந்தப் பாட்டி கதை நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லும்போது அரங்கம் முழுக்கப் பேனாக்கள் ஓடின. ஒரு வார்த்தையைச் சொன்னவர் பெயரோடு எடுத்துச் சொல்கிறவன் உலகத்துக்கு மீட்பைக் கொண்டுவருகிறான் என்பது எங்கள் பெரியவர்கள் வாக்கு. மீட்பு ஏன் இவ்வளவு தாமதமாகிறது என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். அந்த இலையுதிர் காலத்தில் ஒரே பாட்டி எத்தனை ஊரில் எத்தனை ராபிகளுக்குப் பாட்டியாக இருந்தாரோ!

மறுநாள் ஹவ்ருதா. இரண்டு பேர், ஒரு மேசை, நடுவில் ஒரு பக்கம். அதைச் சத்தம் போட்டு வாசித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்துப் படிக்கிற முறை. ஐம்பது மேசைகளில் ஒரே நேரத்தில் இது நடந்தால் சந்தைக்கடை தோற்றுவிடும். எனக்கு ஜோடியாக வந்தவர் எழுபது தாண்டிய அம்மையார். பெண்கள் ராபியாவதே அதிசயமாக இருந்த எண்பதுகளில் பட்டம் வாங்கியவர். கையில் ஒரு பென்சில். அதன் பின்பக்க ரப்பர் புத்தம் புதிதாக, ஒருமுறைகூடத் தேயாமல் இருந்தது. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

எங்களுக்குக் கொடுத்த பக்கம், ராபி யோஹனானும் ரேஷ் லகீஷும் வருகிற கதை. மூன்றாம் நூற்றாண்டு, கலிலேயா. ரேஷ் லகீஷ் முன்னாள் கொள்ளைக்காரர். யோஹனான் அவரைப் படிப்புக்கு இழுத்து, தன் தங்கையையும் கட்டிக்கொடுத்தார். ஒருநாள் கத்தியும் வாளும் எந்தக் கட்டத்தில் முழுப் பொருளாகின்றன என்று பாடசாலையில் விவாதம். உலையில் காய்ச்சியதும் என்கிறார் யோஹனான். தண்ணீரில் தோய்த்த பிறகு என்கிறார் மச்சான். 'திருடனுக்குத்தானே தொழில் தெரியும்' என்று யோஹனான் ஒரு வார்த்தை விட்டுவிடுகிறார். அந்த ஒரு வார்த்தையில் உறவு முறிந்து, ரேஷ் லகீஷ் நோயில் விழுந்து இறந்தே போகிறார். யோஹனான் துக்கத்தில் கிடக்கிறார். ஆறுதலுக்கு வேறொரு புத்திசாலியை அனுப்புகிறார்கள். அவர் யோஹனான் எதைச் சொன்னாலும் 'நீங்கள் சொல்வது சரி, இதோ ஆதாரம்' என்கிறார். யோஹனானுக்கு ஆத்திரம் பொங்குகிறது. நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா? அவன் இருந்திருந்தால் 24 ஆட்சேபணை சொல்லியிருப்பான், நான் 24 பதில் சொல்லியிருப்பேன், விஷயம் தானாகத் தெளிந்திருக்கும் என்று புலம்பி, ஆடையைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் சித்தம் கலங்கிப் போகிறார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நட்பின் அருமையைச் சொல்கிற அழகான கதை" என்றேன். என் பிரசங்கக் குரல் அது. ஊரில் அந்தக் குரலுக்குத் தலையாட்டுவார்கள்.

"இல்லை" என்றார் அம்மையார். "ஒரு ஆளை வார்த்தையால் கொன்றுவிட்டு, தனக்கு விவாதம் போய்விட்டதே என்று அழுகிறவன் கதை. அழும்போதுகூட எண்ணிக்கை சொல்லித்தான் அழுகிறான். தங்கையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? புருஷனை மன்னித்துக் காப்பாற்று என்று அவள் வந்து கெஞ்சுகிறாள். நீங்கள் அந்த வரியைத் தாண்டி வாசித்தீர்கள்."

தாண்டித்தான் வாசித்திருந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்தக் கதையை வைத்துப் பேசுகிறேன். பன்னிரண்டு வருடமும் தாண்டியிருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது நாங்கள் ஆறு வரி முடித்திருந்தோம்.

சாப்பாடு ஷ்னிட்செல், அதாவது ரொட்டித்தூள் பூசிப் பொரித்த கோழி. கோஷர் என்கிற எங்கள் உணவு விதிப்படி இறைச்சி சாப்பிட்டால் பால் பொருளுக்குக் காத்திருக்க வேண்டும். பலருக்கு ஆறு மணி நேரம், ஜெர்மன் வழக்கத்தில் மூன்று, ஹாலந்து யூதர்களுக்கு ஒன்றே ஒன்று. மாலை நான்கு மணிக்கு எமேக் ரெஃபாயிம் தெருவில் ஐஸ்கிரீம் கடை முன்னால் நின்றபோது, எங்கள் கூட்டத்தில் பலருக்கு ஹாலந்தில் ஒரு பாட்டி இருந்தது தெரியவந்தது. வழக்கத்தில் கெட்டியான இரண்டு பேர் மட்டும் எலுமிச்சை சர்பத்தை நக்கிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது தனி பாவநிவாரண நாள்.

படிப்புக் கூடத்தில் ஏ.சி. தனிப் பிரச்சினை. பதினெட்டு டிகிரிக் கட்சி, இருபத்தாறு டிகிரிக் கட்சி. ரிமோட் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் ஆதாரம் காட்டினார்கள். வெப்பத்தால் மயங்கிய ஆள் யார், குளிரால் செத்த ஆள் யார் என்று இரண்டாயிரம் வருடத்தைப் புரட்டினார்கள். கடைசியில் கூடத்தைப் பெருக்க வந்த ஊழியர் ரிமோட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தேய்கூ" என்றார். தீர்ப்பு எட்டாத வழக்குக்குத் தல்மூத் போடுகிற முத்திரை அது. இன்றைய ஹீப்ருவில் கால்பந்து டிராவானாலும் அதே சொல்தான். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இரவுச் சாப்பாட்டில் இன்னொரு விவாதம்.

மாலைத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். பெண்களையும் எண்ணுகிறவர்கள் ஓர் அறையில், எண்ணாதவர்கள் இன்னோர் அறையில். எண்ணுவதிலும் சிக்கல், ஆட்களை நேராக எண்ணக்கூடாது என்பது பழைய வழக்கம். ஒருநாள் மாலை எண்ணாதவர் அறையில் ஒருவர் விரலை நீட்டி, "ஒன்று அல்ல, இரண்டு அல்ல, மூன்று அல்ல" என்று வந்து, "ஒன்பது அல்ல" என்பதோடு நின்றார். ஒன்பது ராபிகள், எல்லோரும் பட்டதாரிகள், கைபிசைந்து நின்றோம். சமையலறையிலிருந்து தட்டுக் கழுவுகிற பையன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பத்தாவதாக நின்றான். பக்கத்து அறையில் அந்த அம்மையாரையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருந்தார்கள். வெளியே வந்ததும் அவர் என்னிடம், "தட்டுக் கழுவுவதில் எனக்கும் நல்ல அனுபவம் உண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நாளில் எனக்குக் கிடைத்த 'சரி' எத்தனை என்று கணக்குப் பார்த்தேன். ஒன்று. அதுவும், "காபி குடிக்கலாமா?" என்று கேட்டதற்கு.

ஊர் திரும்பி முதல் ஓய்வுநாளில் யோஹனான் கதையைத்தான் பேசினேன். தங்கையையும் சேர்த்துக்கொண்டேன். முடிந்ததும் ஹெர்ரிங் மீனும் பிஸ்கட்டும் வைத்திருந்த மேசைப் பக்கம் ஒவ்வொருவராக வந்து, "அருமை ராபி" என்று கை குலுக்கினார்கள். பேச்சு முழுக்கத் தூங்கிய மூன்றாம் வரிசைப் பெரியவர், "அருமையிலும் அருமை" என்றார். கமிட்டித் தலைவர்கூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஓய்வுநாள் முடிந்ததும் பேச்சை அப்படியே அந்த அம்மையாருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன்.

காலையில் பதில் வந்திருந்தது. வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஆட்சேபணைகள், மொத்தம் 23. அதன் கீழே ஒரு வரி: "இருபத்து நான்காவது உங்களுக்கே தெரியும்."

மூன்று நாளாகத் தேடுகிறேன்.