உள்ளே யாரு?

கூட்டுக் குடும்பம், ஒரே பாத்ரூம், கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அண்ணன் எட்டிப் பார்க்கிறார், காலி. அதே நொடியில் மாமாவும் பார்க்கிறார், காலி. இருவரும் துண்டும் கையுமாக நுழைகிறார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'ரேஸ் கண்டிஷன்' என்பார்கள். மாமா சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது.

இரண்டு ப்ரோகிராம்கள் ஒரே மெமரியில் கைவைத்தாலும் இதே கூத்துதான். பார்ப்பதற்கும் நுழைவதற்கும் நடுவே இருக்கிற அந்த இம்மி இடைவெளியில்தான் பல மேதைகளின் மானம் போயிருக்கிறது.

இரண்டு பேர் என்றால் என்ன செய்வது என்று தெக்கர் என்ற டச்சுக்காரர் முன்பே சொல்லிவிட்டார். எத்தனை பேர் வந்தாலும் செல்லுபடியாகும் வழியை 1965-இல் வெளியிட்டவர் டைக்ஸ்ட்ரா. 1957-இல் கல்யாணப் பதிவில் தொழில் 'ப்ரோகிராமர்' என்று எழுதி, அப்படியொரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகளால் திருப்பி அனுப்பப்பட்டாரே, அவரேதான்!

1966 ஜனவரியில் ஹைமன் என்பவர், டைக்ஸ்ட்ராவின் வழி வெளியான அதே பத்திரிகைக்கு எழுதினார். இரண்டு பேருக்கு இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு, இதோ சுருக்கமான வழி என்று. நிஜமாகவே சுருக்கம்தான். ஒரே ஒரு குறை, இருவரும் உள்ளே போய்விடுவார்கள்.

மே மாதம் டொனால்ட் நூத் வந்து இருவருக்கும் மார்க் போட்டார். ஹைமன் ஃபெயில். டைக்ஸ்ட்ரா பாஸ், ஆனால் ஒரு சிக்கல்: அவர் முறையில் யாரும் மோதிக்கொள்ள மாட்டார்கள், மாமா மட்டும் ஆயுளுக்கும் வெளியே நிற்க நேரலாம்.

நூத்தின் வழியில் எல்லோருக்கும் முறை வரும். பத்துப் பேர் இருந்தால், மோசமான பட்சத்தில், 511 தடவை மற்றவர்கள் போய் வந்த பிறகு! டி ப்ரூய்ன் 1967-இல் அதை 45 ஆக்கினார். ஐசன்பெர்கும் மக்வையரும் 1972-இல் 9 ஆக்கினார்கள். ஆறு வருஷ ஆராய்ச்சியில் மனித அறிவு சென்றடைந்த இடம், நியாயமான க்யூ.

அடுத்து லெஸ்லி லாம்போர்ட். இது என்ன பிரமாதம் என்று ஒன்றைக் கிறுக்கி அனுப்பினார். தப்பு என்று திரும்பி வந்தது. தன் மீதே கோபம் வந்து, பேக்கரிக் கடை டோக்கன் பாணியில் இன்னொன்று செய்து 1974-இல் வெளியிட்டார். நம்ப மறுத்த சக ஊழியர் ஒருவர், தப்பைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று வீட்டுக்குப் போனார். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

டைக்ஸ்ட்ரா, நூத், லாம்போர்ட் மூவரும் கம்ப்யூட்டர் துறையின் பெரிய பரிசான ட்யூரிங் விருது வாங்கியவர்கள். இரண்டு பேருக்கான வழியைச் சில வரிகளில் அடக்க 1981-இல் பீட்டர்சன் வர வேண்டியிருந்தது. அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்றைய ப்ராசஸர்கள் வேகத்துக்காகக் கட்டளைகளை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கும் 'மெமரி பேரியர்' போடாவிட்டால் மறுபடியும் இரண்டு துண்டு, ஒரு பாத்ரூம்.

ஆகவே தம்பி, நேற்று ராத்திரி ஆபீஸில் நீங்களே சொந்தமாக எழுதிய அந்த அழகான 'லாக்'கை, அதாவது ப்ரோகிராமுக்கான தாழ்ப்பாளை, அழித்துவிடுங்கள். லைப்ரரியில் ஒன்று இருக்கிறது. அதைப் போடுங்கள்.