குபேரன் கடனும் பிரசன்ட் பர்ஃபெக்ட் கண்டினியூயஸும்

தமிழில் காலம் மூன்று. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று சொல்லி நன்னூலார் வேலையை முடித்துக்கொண்டார். ஆங்கில வாத்தியாரோ ஒவ்வொன்றையும் நான்காகக் கூறுபோட்டுக் கரும்பலகையில் 12 கட்டம் வரைகிறார். பதினொன்றைத் தட்டுத்தடுமாறியாவது தாண்டிவிடலாம். ‘ஹேஸ் பீன்’ போட்டு ‘இங்’கில் முடிகிற பிரசன்ட் பர்ஃபெக்ட் கண்டினியூயஸில்தான் வண்டி நின்றுவிடும். குறை மாணவரிடம் இல்லை, எடுத்துக்காட்டில் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோர் நூல்களைப் புரட்டினால் விஷயம் விளங்கும். இந்த ஒரு காலத்துக்காகக் காலையிலிருந்து மழை பெய்துகொண்டே இருக்கிறது. பாஸ்ட் பர்ஃபெக்ட்டுக்காக, டாக்டர் வருவதற்குள் நோயாளி தலைமுறை தலைமுறையாகச் செத்துக்கொண்டிருக்கிறார். (அந்த டாக்டரை ஏன் இன்னும் கூப்பிடுகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.) சித்திரை வெயிலில் திருப்பதியை அடுத்த புத்தூர்ப் பக்கம் போய் மழையை உதாரணம் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆனால் புத்தூரை ஒட்டிய நாராயணவனத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. தறிச்சத்தத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊர் அது. ஆகாசராஜன் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் கைப்பிடித்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார்: சிம்பிள் பாஸ்ட், ஒரே நாளில் முடிந்த காரியம். அன்றிலிருந்து வட்டி கட்டிக்கொண்டே வருகிறார். ‘ஹி ஹேஸ் பீன் பேயிங்.’ நேற்றும் கட்டினார், இன்றும் கட்டுகிறார், நாளையும் நிற்காது. ‘சின்ஸ்’ தொடங்கிய நாளைக் கேட்கும். கல்யாண நாள் என்று சொல்லலாம். ‘ஃபார்’ எவ்வளவு காலமாக என்று கேட்கும், யுகக்கணக்கு. கலியுக முடிவில் கடன் தீர்ந்திருக்கும் என்பது ஃபியூச்சர் பர்ஃபெக்ட். வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கோயிலில் ஒரு பெரிய திரிகைக்கல்லையும் காட்டுகிறார்கள். கல்யாணத்துக்கு அரைத்த கல்லாம். அரைத்தவர் யார்? பதில் வராது. செயலைச் சொல்லி ஆளை மறைக்கும் பாஸிவ் வாய்ஸுக்கு வேறு சான்று தேவையில்லை.

திருப்பதியில் மட்டும் ஆய்வு சற்றே சிக்குகிறது. கடனை அடைக்கத் தம்பியின் செல்வத்தை அளக்கும் பொறுப்பு அண்ணன் கோவிந்தராஜருடையது என்பது ஐதீகம். அவரோ அளக்கும் மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அளந்துவிட்டாரா, அளந்துகொண்டிருந்தவர் களைத்துப் படுத்தாரா, இனிமேல்தான் அளப்பாரா? சரியான காலத்தில் ஆங்கிலத்தில் விடை எழுதுக. மதிப்பெண் 2.