முட்டு எப்போது கழற்றலாம்?

கே: மேஸ்திரி எல்லாத்தையும் மனசிலேயே வைத்திருக்கிறார். கட்டட வேலைக்குக் கணினித் திட்டம் எதற்கு? (கும்பகோணம் வாசகர்)

ப: ஒரு வீடு என்றால் வைத்திருப்பார். பன்னிரண்டு மாடி, எழுபது வீடு என்றால் எந்த மனசும் தாங்காது.

கே: தேதி போட்டு எக்செல்லில் வைத்திருக்கிறேன். போதாதா? (கோவை)

ப: தேதியை நீங்கள் போடவே கூடாது. எதற்குப் பிறகு எது, எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள். தேதியை மென்பொருள் போடும். 1957-ல் டூபாண்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் கண்ட கணக்கு இது. எந்த வேலை ஒரு நாள் நழுவினால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் நழுவும் என்று காட்டிவிடும். தளத்துக்குக் கம்பி கட்டியாச்சு, பைப் போட எலக்ட்ரீஷியன் வரவில்லை என்றால் கான்கிரீட்டே நின்றுவிடும். காம்பவுண்டு சுவர் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் குடிமுழுகாது. இரண்டுக்கும் ஒரே அளவு கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் தப்பான இடத்தில் ஓடுவீர்கள்.

கே: தளத்தைத் தாங்கும் முட்டு கழற்றும் நாளைக் குறைத்துத் தரச் சொல்லலாமா? (மதுரை)

ப: கூடவே கூடாது. ஆளைக் கூட்டினால் பூச்சு வேலை சீக்கிரம் முடியும்; கான்கிரீட் சீக்கிரம் இறுகாது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வது: தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. ஆறு மீட்டரைத் தாண்டும் பீமுக்கு 21. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 7 நாள். போசலானா கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் 10. இந்த நாட்களை மென்பொருளில் யாரும் தொட முடியாதபடி பூட்டிவிடுங்கள். தலைக்கு மேல் நிற்கப்போகிற தளம் அது.

கே: ஏஐ-யே திட்டம் போடுகிறதாமே? (சேலம்)

ப: போடுகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியில் பிறந்த ஆலிஸ் போன்ற மென்பொருள்கள், கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியோடு ஆள், கிரேன் கணக்கையும் கொடுத்தால் ஏராளமான வரிசைகளை அலசிப் பார்க்கும். இன்னொரு கிரேன் வைத்தால் எத்தனை நாள் மிச்சம், செலவு எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் காட்டும். எதை எடுப்பது என்பது உங்கள் பொறுப்பு.

கே: எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எந்தக் கணினி இருந்தது? (நெல்லை)

ப: இல்லைதான். 1930 மார்ச் 17-ல் தொடங்கி 1931 மே 1-ல் 102 மாடியைத் திறந்துவிட்டார்கள். ஆனால் திட்டம் இருந்ததே! ஒவ்வொரு உத்தரத்திலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் குறிக்கப்பட்டு வந்தது. மாடிகளில் குட்டித் தண்டவாளம் போட்டு வண்டியில் சாமான் தள்ளினார்கள்.

கே: எங்கள் திட்டம் ஒரே மாதத்தில் சுவரில் ஒட்டிய காகிதமாகிவிட்டது. ஏன்? (சென்னை)

ப: நேற்று எது முடிந்தது என்று யாரும் பதியவில்லை. “90 சதவீதம் முடிந்தது” என்ற பதிலை ஏற்காதீர்கள். முடிந்ததா, இல்லையா, அவ்வளவுதான். வேலை நாட்காட்டியில் ஐப்பசி மழையும் பொங்கலும் ஏறியிருக்கிறதா? பீகார்த் தொழிலாளர்கள் சத் பூஜைக்கு ஊர் போகும் நாட்கள்?

கே: எதை வாங்கலாம்? (ஓசூர்)

ப: இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம். ப்ராஜெக்ட்லிப்ரே என்ற திட்ட மென்பொருள் இலவசம். அடுத்த தளத்தை மட்டும் அதில் போட்டுப் பாருங்கள். மேஸ்திரியையும் கூட உட்கார வையுங்கள். நாள் கணக்கை அவர்தான் சொல்ல வேண்டும்.