கல்யாணத்துக்கு மைனஸ் ஆகாது

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா என்பது படிப்பவர் பாடு. எங்கள் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர்தான் ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து வழக்கை முடித்தார். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தே அவர் கைவண்ணம்.

டிவிடிக்கு அப்படியொரு முனிவர் வாய்க்கவில்லை. 1997-ல் பயோனியர் டிவிடி மைனஸ் ஆர் கொண்டுவந்தது. சோனி, பிலிப்ஸ், எச்பி கூட்டணி 2002-ல் டிவிடி பிளஸ் ஆர் என்று எதிர்க்கடை போட்டது. இரண்டும் ஒரே அகலம், நடுவில் ஒரே ஓட்டை, கொள்ளளவு ஒரே 4.7 ஜிபி. லேசர் வழி தெரிந்து போவதற்கு ஒன்றில் தடங்களுக்கு இடையே குட்டிக் குழிகள். மற்றதில் தடத்தின் நெளிவிலேயே முகவரி. இதை எங்கள் தெருவில் விளக்கிப் பாருங்கள். "அதெல்லாம் இருக்கட்டும், படம் தெரியுமா?" என்பார்கள். சரியான கேள்வி.

2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. அதன் கீழே பேர் தெரியாத கம்பெனியின் டிவிடி பிளேயர் வந்து உட்கார்ந்தது. பழைய பிளேயர்கள் சில பிளஸ்ஸைக் கண்டால் முகம் சுளித்தது உண்மைதான். ஆனால் பின்னால் வந்த மலிவு பிளேயர்களுக்கு எதைப் போட்டாலும் ஜீரணம்.

ஆனாலும் சித்தப்பா மகள் கல்யாணத்தில் வீடியோக்காரர் கடமை தவறாமல் கேட்டார்: "பிளஸ்ல போடவா, மைனஸ்ல போடவா ஐயா?"

"நல்ல காரியத்துல மைனஸ் எதுக்கு தம்பி? பிளஸ்லயே போடு."

தலையாட்டினார். டப்பாவில் மிச்சமிருந்ததில் போட்டிருப்பார் என்பது என் கணிப்பு. தட்டு முழுக்க இதய வடிவத்துக்குள் மணமக்கள் படம் ஒட்டி வந்ததால், குறியைப் பார்க்கவே வழியில்லை.

எழுதும் தட்டில் பதிவு உட்காருவது ஒரு சாயப் படலத்தில். ஜன்னலோரம் வைத்தால் அரியலூர் மாவட்டத்து வெயில் அதைத் தின்றுவிடும். வெயிலுக்குக் கட்சி கிடையாது. பேரப்பிள்ளைகள் தட்டைத் தரையில் தேய்த்து ஓட்டும் கார் ரேஸுக்கும் அப்படியே. டிவிடிக்கு அடுத்த தலைமுறைத் தட்டுகளும் சண்டை போட்டன; 2008 பிப்ரவரியில் தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட, ப்ளூ ரே ஜெயித்தது. எங்கள் ஊருக்கு அந்தச் சண்டை மூண்ட செய்தியும் வரவில்லை, முடிந்த செய்தியும் வரவில்லை.

எங்கள் வீட்டுச் சண்டை வேறு. தாய்மாமன் தட்டு தட்டாகக் கொண்டுவந்த சீர்வரிசை, எடிட்டிங்கில் ரெண்டு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. ரோஜாப்பூ விரிந்து விரிந்து மூடும் காட்சிக்கு மட்டும் பஞ்சமில்லை. மாமா மூன்று தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் வரவில்லை. எந்த ஃபார்மட்டில் எழுதியிருந்தால் வந்திருப்பார்?

இப்போது அதே வீடியோக்காரர் பேரன் காதுகுத்துக்கு வந்தார். "பென்டிரைவ்ல தரவா, யூடியூப்ல ஏத்தவா ஐயா?"

"எதுல வேணா குடு தம்பி. மாமா தட்டு ஒண்ணுகூட விடுபடக் கூடாது."